விழுந்தவளுக்கு விசில் ஊதாத ஆறுமுகம் அண்ணாச்சி

ஆறுமுகம் அண்ணாச்சி இறந்துவிட்டார். இன்று காலை, பண்பொழி வீட்டில்... நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் அப்புறம் எழுந்திருக்கவில்லை.

ரெஃப்ரி குரூப்பில் மெசேஜ் பார்த்ததும் அவர் நம்பருக்கே போன் அடித்தேன். அண்ணிதான் எடுத்தார். "ஆமா ராஜி... வா" என்றார். அவ்வளவுதான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணாச்சி உரக்கடை வைத்திருந்தவர். தென்காசி வட்டாரத்தில் பேஸ்கட்பால் ஆடிய யாரைக் கேட்டாலும் அவருடைய விசிலைத் தெரியும். பல வருடம் நானும் அவரும் சேர்ந்து மேட்சுகளுக்கு ரெஃப்ரியாக நின்றிருக்கிறோம்.

சேர்ந்து என்றால்... சண்டை போட்டுக்கொண்டு. எல்லாச் சண்டையும் ஒரே விஷயத்துக்காக. டிராவலிங்.

பந்தைத் தட்டாமல் கையில் பிடித்தபடி கூடுதலாக ஓர் அடி வைத்தால் டிராவலிங். பந்து எதிர் டீமுக்குப் போய்விடும். பெரிய ஆட்டங்களில்கூட பாதியைக் கண்டுகொள்ளாமல் விடுவார்கள். அண்ணாச்சி விடமாட்டார். ஊன்றிய கால் லேசாக இழுபட்டாலும் விசில்.

நாங்கள் முதலில் சேர்ந்து நின்றது கடையநல்லூரில், சின்னப் பையன்கள் மேட்ச். ஊதினார், ஊதினார்... ஆட்டம் நகரவே இல்லை. பெற்றோர்கள் எல்லாம் எழுந்து நின்று கத்தினார்கள்.

திரும்பும் வழியில் டீக்கடையில் கேட்டே விட்டேன். "சின்னப் பிள்ளைங்க அண்ணாச்சி. ஒரு அடி கூட வச்சா என்ன லாபம் வந்துரப் போகுது? விளையாட விடுங்க."

அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "எதிர்க்க ஒருத்தன் கால அடக்கிட்டு ஒழுங்கா நிக்கான்லா... அவனுக்கு நீ என்னம்மா பதில் சொல்லுவ?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. இப்போதும் இருக்கிறது. புதிதாகப் பந்தைத் தொடும் பிள்ளைக்கு ஒவ்வொரு அடிக்கும் ஊதினால், அவன் மறுநாள் கிரவுண்டுக்கே வரமாட்டான். அண்ணாச்சி இதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. நானும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆனால் குற்றாலத்தில் அந்த ஃபைனலை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

சீசன் நேரம். பெண்கள் மேட்ச். சாரல் விட்டு விட்டு அடிக்கிறது, சிமெண்ட் தரை முழுக்க ஈரம். தென்காசி டீம் ஒரு பாயிண்ட் முன்னால். முடியப் போகிற நேரம்.

செங்கோட்டைப் பெண் ஒருத்தி பந்தைப் பிடித்த வேகத்தில் சறுக்கி விழுந்தாள். பந்தைக் கட்டிப்பிடித்தபடி தரையிலேயே வழுக்கிக்கொண்டு போனாள். உட்கார்ந்த இடத்தில் இருந்தே பாஸ் கொடுத்தாள். இன்னொருத்தி வாங்கிப் போட்டாள். கூடை.

மொத்தக் கூட்டமும் "டிராவல், டிராவல்" என்று கத்துகிறது. அண்ணாச்சி அவளுக்கு நேர் எதிரே நிற்கிறார். விசில் வாயில் இருக்கிறது... ஊதவில்லை.

ஆட்டம் முடிந்தது. தென்காசி தோற்றது. டோர்னமெண்ட் நடத்தியவர் கோர்ட்டுக்குள் வந்துவிட்டார். "நகம் நகர்ந்தாலும் ஊதுவீகளே. பிள்ள அம்புட்டுத் தூரம் இழுத்துட்டுப் போச்சு, அதுக்கு ஊத முடியலயா?"

அண்ணாச்சி குரலை உயர்த்தவே இல்லை. "விழுந்து வழுக்குனா தப்பில்ல. உருண்டாலோ, எந்திரிக்கப் பாத்தாலோதான் தப்பு. அவ எந்திரிக்கல."

"அடுத்த வருசம் உங்களக் கூப்பிட மாட்டோம்."

"சரி" என்றார். ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் செருப்பைத் தேடினார்.

சொன்னபடி கூப்பிடவில்லை. அதற்கடுத்த வருடமும் இல்லை. சீசனுக்குச் சீசன் நான் குற்றாலம் போய்விட்டு வருவேன். "தர காஞ்சிருந்துச்சா?" என்று மட்டும் கேட்பார்.

அவரைத் திரும்ப வரவைத்தது யார் தெரியுமா? அன்று தோற்ற தென்காசி டீமின் கேப்டன், ரஹ்மத். இப்போது கோச்சாக இருக்கிறாள். டோர்னமெண்டில் தன் டீமைச் சேர்க்கும்போது நடத்துபவரிடம் நேராகவே சொல்லிவிட்டாள்.

"பண்பொழி அண்ணாச்சி வந்தா எங்க டீம் வரும். வெளியூர்ல போய் டிராவல்னு ஊதி என் பிள்ளைங்க அழுறதுக்குப் பதிலா, இங்கனயே அவுக ஊதித் திருத்தட்டும்."

வந்தார். முதல் ஆட்டத்திலேயே ரஹ்மத்தின் பிள்ளைகளுக்கு ஊதித் தள்ளினார். அவள் பெஞ்சில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்ததை நான் ரசித்துப் பார்த்தேன்.

இன்னொன்று. ரூல் மாறியபோது... ஓடிவருபவர் பந்தைப் பிடிக்கும்போது தரையில் இருக்கும் கால் கணக்கில் வராது, அதற்கு மேல்தான் இரண்டு அடி என்று வந்தது. "இந்த வயசுல அண்ணாச்சி எங்க மாறப் போறாரு" என்று பேசிக்கொண்டோம்.

ஒரு நாள் கடைக்குப் போனேன். யூரியா மூட்டைகளுக்கு நடுவில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆள் ஸ்டெப் போட்டுக்கொண்டிருக்கிறார். "ஜீரோ... ஒண்ணு... ரெண்டு." உரம் வாங்க வந்த விவசாயி ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"அப்போ இத்தன வருசம் நீங்க ஊதுனதுல பாதி தப்பா அண்ணாச்சி?" என்று வம்புக்கு இழுத்தேன்.

"அன்னைக்கு அதுதாம்மா ரூல். இன்னைக்கு இது" என்றவர், அந்த விவசாயியிடம் திரும்பினார். "உமக்கு என்ன வேணும்?"

மத்தியானம் பண்பொழி போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ரஹ்மத் எனக்கு முன்னாலேயே வந்து அண்ணி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

நாளைக்குச் செங்கோட்டையில் எனக்கும் அண்ணாச்சிக்கும் மேட்ச் போட்டிருந்தார்கள். தள்ளி வைக்கலாமா என்று அண்ணியிடமே கேட்டேன். "எதுக்குத் தள்ளி வைக்கணும்? பிள்ளைங்க கிளம்பி வந்துருமே" என்றார்.

அண்ணாச்சி, நம் மேட்சில் முதல் பந்தை எப்போதும் நீங்கள்தான் தூக்கிப் போடுவீர்கள். நாளைக்கு நான் போடுகிறேன்.

நீங்க கிளம்புங்க அண்ணாச்சி.