பெயர் அழிந்த இரண்டு கண்ணாடிப் பொடிகள்

வைட்ஃபீல்ட் சிக்னலில் கேப் நகரவே இல்லை. ஆனால் விமானத்தைத் தவறவிடுவது இப்போது என் கவலைகளில் சின்னது.

மடியில் இரண்டு குப்பிகள். இரண்டிலும் நானே உருக்கி, நானே அரைத்த கண்ணாடிப் பொடி. ஒன்று சட்டென்று குளிரவைத்தது, மற்றது மெதுவாக ஆறவிட்டது. உள்ளே அணுக்கள் எப்படி மாறி அமர்ந்திருக்கின்றன என்று பார்க்க சிங்க்ரோட்ரான் என்ற ராட்சத இயந்திரத்தின் எக்ஸ்ரே வெளிச்சத்துக்குக் கொண்டுபோகிறேன். அந்த இயந்திரத்தில் காத்துக் காத்துக் கிடைத்த நேரம்.

கிளம்பும் அவசரத்தில், சுத்தமாக இருக்கட்டும் என்று குப்பிகளை ஆல்கஹால் போட்டுத் துடைத்தேன். மார்க்கரில் எழுதியிருந்த பெயர்களும் சேர்ந்து போய்விட்டன.

"என்ன மேடம், அந்த ரெண்டு டப்பியயே பாத்துனு இருக்கீங்க?" என்றார் டிரைவர்.

சொன்னேன்.

"வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தா தெரியாதா?"

"அந்த வெளிச்சத்துக்குத்தாங்க போறேன். ரெண்டும் வேற வேறன்னு அது சொல்லும். எது எதுன்னு சொல்லாது."

"அய்யோ!" என்று எனக்காக ஒருமுறை ஹாரன் அடித்தார்.

அந்த நேரம் கேட்டு நாங்கள் அனுப்பிய விண்ணப்பத்தின் முதல் வரி: 'இவ்விரண்டையும் கண்ணால் பிரித்தறிய இயலாது.' பெருமையாக எழுதியது நான்தான்.

என் ஆராய்ச்சி கைடுக்கு இன்னும் சொல்லவில்லை. இந்தப் பதிவுக்குக் கீழே ஆறுதல் சொல்பவர்கள் சொல்லலாம், யாரும் அவரை மட்டும் டேக் செய்துவிடாதீர்கள்.