இருமல் மாமாவும் முனியாண்டி சேவலும்

மலேசியாவில், சிரம்பானிலிருந்து புலாவ் செபாங் போகும் ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமாவுக்குப் பெரிய மீசை. மடியில் அதைவிடப் பெரிய துணிப்பை. பைக்குள் ஏதாவது சத்தம் வந்தால், உடனே மாமா பலமாக இருமுவார்.

“உள்ள என்ன மாமா?” என்று கேட்டேன்.

“மெதுவா பேசும்மா, சேவல்! பையன் லாரி லைசன்ஸ் பாஸாயிட்டா, குருபோங் கோயில் முனியாண்டிக்குச் சேவல் விடுறேன்னு நேந்துக்கிட்டேன். பாஸாயிட்டான், நாளைக்கு லாரி ஓட்ட ஆரம்பிக்கிறான். டிக்கெட் ஆபீசர் பார்த்தா நம்மள எறக்கி விட்டுருவாரு லா.”

ரெம்பாவ் தாண்டியதும் மாமா குறட்டை விட்டார். அந்த நேரம் பார்த்து அதிகாரி வந்தார். சேவல் முழுத் தொண்டையில் கூவியது. மாமாவைக் கிள்ளினேன், எழவில்லை. இருமிப் பார்த்தேன். அதிகாரியின் பார்வை பையை விட்டு நகரவில்லை. வேறு வழி தெரியாமல் கண்ணை இறுக மூடிக்கொண்டு, “கொக்கரக்கோ!” என்று நானே கூவிவிட்டேன். பெட்டியே திரும்பிப் பார்த்தது.

மாமா விழித்துக்கொண்டார். “ஏம்மா, படிச்ச பொண்ணு, ரயில்ல இப்படியா கத்துவ?” என்று எல்லார் காதிலும் விழும்படி அதட்டினார்.

அதிகாரி என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

மாமா உண்மையிலேயே தூங்கினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.