கூட்டாமல் விட்ட வரிசை

திரையரங்கில் டிக்கெட் பார்க்கிற நாங்கள் படம் பார்ப்பதில்லை, படம் பார்க்கிறவர்களின் பின்னந்தலைகளைத்தான் பார்க்கிறோம். சட்டன் என்ற புறநகரில் ஒரு சின்னத் திரையரங்கில் எனக்கு முதல் வேலை. எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். பட்டமளிப்புப் படம் அம்மாவின் வரவேற்பறையில் தொங்குகிறது, நான் இங்கே சிந்திய பொப்கோர்ன் கூட்டுகிறேன். வேலையில் என்னை வைத்திருப்பதா, அனுப்புவதா என்று மேலாளர் மார்ட்டின் வெள்ளிக்கிழமை சொல்வதாக இருந்தது. புரொபேஷன் என்ற சோதனைக் காலத்தில் இருந்த எவருக்கும் அந்தக் கிழமை முழுக்க எப்படிப் போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அப்போது ஓடியது ஒரு ஐரோப்பியப் படம். படகில் வந்த ஒருவன் குளிர் நகரமொன்றின் பஸ் டிப்போவில் ஒளிந்துகொள்கிறான். சாரதிகள் சூப் கொடுக்கிறார்கள், கோட் கொடுக்கிறார்கள். யாரும் சிரிப்பதுமில்லை, அழுவதுமில்லை. சிரிப்பு மூட்டும் பகிடிகூட அதே முகத்தோடுதான்.

சிரிக்க அனுமதி

அவனைத் தேடிப் பொலிஸ் வருகிறது. டிப்போக்காரர் அவன் தலையில் ஒரு தொப்பியை வைத்து, இவர் பயிற்சியில் இருக்கிறார் என்கிறார். சிரிப்பான இடம்தான், ஆனால் அரங்கில் ஒரு சத்தமும் இல்லை. படம் முடிந்ததும் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி என்னை ஓரமாக அழைத்து, அகதிகளைப் பற்றிய படத்தில் சிரிக்கலாமா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னேன்: அகதிகளாக வந்தவர்கள் அப்பாவும் அம்மாவும், நான் இங்கேயே பிறந்தவள்.

அவருக்கு ஏமாற்றம். “அப்படியென்றால் உனக்கும் என்னைப் போலத்தான், தெரியாது.”

வெளிச்சாப்பாடு

மறுநாள் எங்கள் தமிழ் ஆட்களில் ஒரு அன்ரி சிநேகிதிகளோடு வந்தா. படம் தொடங்கியதும் அரங்கு முழுக்க மட்டன் ரோல்ஸ் வாசம். வெளிச்சாப்பாடு கூடாது. சிரித்த முகத்தோடு போய்ச் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்குத் தந்த பயிற்சி. நான் சிரித்தபடி குனிந்தேன். வாய் திறக்குமுன் என் கையில் ஒரு ரோல்ஸை வைத்துவிட்டா. நிமிர்ந்தால் வாசலில் மார்ட்டின். ரோல்ஸ் என் சீருடைப் பைக்குள் போனது, எண்ணெய்க் கறை வெளியே வந்தது.

படம் முடிந்து வந்த அன்ரியிடம் பிடித்ததா என்று கேட்டேன், அதுவும் சிரித்தபடி. அவ என் முகத்துச் சிரிப்பைப் பார்த்தா.

“நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த நேரம் அதிகாரிமார் எல்லாரும் சிரிச்சுச் சிரிச்சுத்தான் பிள்ளை கேள்வி கேட்டவை. இந்தப் படத்திலை உதவி செய்தவை ஒருத்தனும் சிரிக்கேல்லை, ஒண்டும் கேக்கவுமில்லை.”

மார்ட்டினின் முகம்

ரோல்ஸை மார்ட்டின் கண்டாரா, கோபமா என்று டிக்கெட் விற்கும் பியோத்தரிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன். முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல ஏலாது என்றான்.

“அவருடைய கல்யாணப் படம் பார்த்திருக்கிறேன். அதிலும் இதே முகம்தான்.”

கடைசி வரிசை

வியாழன் பகல் முழுக்க மழை. ஒரு காட்சி முடிந்தால் எல்லாரையும் அனுப்பிவிட்டு அரங்கைக் கூட்ட வேண்டும். கடைசி வரிசையில் ஒருவர் மட்டும் எழும்பவில்லை. நனைந்த ஜாக்கெட்டை ஹீட்டரில் காயப்போட்டிருந்தார், காலில் மெல்லிய செருப்பு. ஸ்டேஷனுக்குப் பின்னால் அகதிகளைத் தங்கவைத்திருக்கும் ஹோட்டலில் இருந்து வருகிறவர். முடிந்த காட்சிக்கு உள்ளே வரும்போது டிக்கெட் காட்டியிருந்தார், அடுத்ததற்கு அவரிடம் இல்லை.

எழும்புகிறீர்களா என்று கேட்கத்தான் போனேன். முகத்தில் சிரிப்பையும் வைத்துக்கொண்டுவிட்டேன். அன்ரி என்னைப் பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. திரும்பி, முன்வரிசையிலிருந்து கூட்டத் தொடங்கினேன். கடைசி வரிசைக்கு முன் நிறுத்தினேன்.

மார்ட்டின் வாசலில் நின்றார். அந்த மனிதரைப் பார்த்தார், அவர் காலடியில் கிடந்த பொப்கோர்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திரும்பிப் போய்விட்டார். அம்மாவோ குட்மேய்ஸில் இருக்கிற சொந்தக்காரர் எல்லாருக்கும் எனக்கு வேலை நிரந்தரம் என்று சொல்லி முடித்திருந்தா.

வெள்ளிக்கிழமை மார்ட்டின் என்னைக் கூப்பிட்டார். அவர் தொடங்குமுன் நானே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், ரோல்ஸ் உட்பட. அதே முகத்தோடு கேட்டு முடித்தார்.

“அந்த வரிசையைப் பிறகு கூட்டலாம். அடுத்த மாதமும் அப்படியே செய்.”

எனக்கு வேலை கிடைத்துவிட்டது என்பது படியிறங்கி வாசலுக்கு வந்த பிறகுதான் விளங்கியது; அதை அவர் சந்தோஷமாகத் தந்தாரா என்ற கவலைதான் இப்போது மிச்சம்.