கமலாக்காவின் மங்கோலியக் கசின்

போன கிழமை ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தேன். இப்போது ரொறொன்ரோவில் எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. தாலிகட்டு றிச்மண்ட் ஹில் கோயிலில், விருந்து மேற்கே எங்காவது ஓர் இத்தாலியரின் மண்டபத்தில். இருந்ததும் இராததுமாக முன்னால் ஒரு தட்டு றவியோலி வந்தது, உள்ளே இறைச்சியோ சீஸோ வைத்து மடித்து அவித்த இத்தாலிய மாப்பண்டம். தக்காளியும் சீஸும் சேர்ந்த அந்த மணம் மூக்கில் ஏறியதும் என் விரல் நுனிகள் குளிர்ந்தன. அந்த மணத்துக்குள் என் வாலிபத்தில் ஒரு நல்ல பங்கு போயிருக்கிறது. அது பிறகு.

பக்கத்துக் கதிரையில் ஒரு தம்பி இருந்தார். வீடு வாங்கி விற்கிற ஏஜென்ற். பஸ் தரிப்பிடத்து வாங்கில்களில் இவருடைய படம்தான் ஒட்டியிருக்கும். அந்தச் சிரித்த முகத்தில் முதுகைச் சாய்த்து நான் எத்தனையோ தரம் பஸ்ஸுக்குக் காத்திருந்திருக்கிறேன். அதனால் ஒரு பழக்கம் இருப்பதுபோல எனக்குத் தோன்றியது.

"இந்த ஹோல் ஆற்றை எண்டு நினைக்கிறீங்கள் அன்ரி? இத்தாலியன்ரை. அவன்ரை தாத்தா கப்பல்ல வந்து சீமெந்து குழைச்ச ஆள். ஹாட் வேர்க் அன்ரி."

"ஓம் தம்பி."

"இதைப் பாருங்கோ." கைபேசியை என் தட்டுக்கு மேலே நீட்டினார். "இனம் இனமாப் பிரிச்சு ஒப்பிட்டிருக்கிறாங்கள். இத்தாலியன்ரை பேரப்பிள்ளையள் எங்கை நிக்குதுகள், உந்த மங்கோலியன்ரை பிள்ளையள் எங்கை நிக்குதுகள். படிப்பு, வீடு, வேலை எல்லாம். மலைக்கும் மடுவுக்கும்! அவங்களும் வெளியில இருந்து வந்தவங்கள்தானே? எல்லாம் கல்ச்சர் அன்ரி. சில இனத்துக்கு முன்னேறுற குணம் ரத்தத்திலேயே இல்லை."

"நீங்கள் ஒரு மங்கோலியரையாவது கண்டிருக்கிறீங்களோ தம்பி?"

"இல்லை. அதைத்தானே சொல்லுறன். ஆக்களையே காணேல்லை!"

பேசாமல் இருந்தால் 'வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையே?' என்று எங்கள் ஊரில் கேட்பார்கள். அன்றைக்குக் கொழுக்கட்டை இல்லாத குறைக்கு ஒரு றவியோலியை வாயில் வைத்துக்கொண்டேன். கலியாண வீட்டார் எனக்கு வேண்டியவர்கள், மேசையில் சண்டை பிடிக்க முடியாது. ஆனால் உங்களுக்குச் சொல்லாமல் விட்டால் எனக்குச் செமிக்காது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் குடியிருப்பில் அக்கா வீட்டு முன்னறையில் படுத்தெழும்பிய காலம். அக்காவும் அத்தானும் பிள்ளைகளும் அறைகளில், நானும் தோய்த்த உடுப்புகளும் முன்னறையில். விடிய எழும்பி, சப்வே பிடித்து, பிறகு பஸ் பிடித்து, நகரத்தின் வடமேற்கு மூலையில் இருந்த ஒரு பக்ரறிக்குப் போவேன். றவியோலி போன்ற உறைய வைத்த பாஸ்ரா செய்கிற இடம். மெசின் மாவைத் தட்டி உள்ளுடனை வைத்து மடித்துத் தள்ளும். வாய் பிளந்ததையும் கோணலானதையும் நாங்கள் பொறுக்கி எறிய வேண்டும். முதல்நாள் நான் அரைவாசியை எறிந்துவிட்டேன். பிள்ளையாருக்குப் படைக்கிற கொழுக்கட்டை கோணலாக இருந்தால் அம்மா விடமாட்டா, அந்தப் பழக்கம். லைனை நடத்திய றோசா ஓடிவந்து தலையில் கைவைத்தார். "சாப்பிடுற ஆளுக்குக் கண்ணாடி போட்டுப் பாக்க நேரமில்லை பிள்ளை" என்பதுபோல ஏதோ சொன்னார். அவருடைய இங்கிலீசும் என்னுடைய இங்கிலீசும் ஒரே வகுப்பு. அதனால் நல்லாய் விளங்கியது.

அந்தப் பக்ரறி இருந்த விதத்தை உங்களுக்குச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் என் கோபம் விளங்காது. முதலாளி இத்தாலியர். மேற்பார்வைக்காரர் ரொனி இத்தாலியர். றோசா, ரொனிக்கு மாமி. மெசின் திருத்துகிறவர் றோசாவின் தங்கை மகன். பாரவண்டி ஓடுகிறவர் அவருக்கு மச்சான். ஓர் இடம் வெறுமையானால் பேப்பரில் விளம்பரம் போட மாட்டார்கள். ரொனி லைனுக்கு வந்து, கையைத் தட்டி, ஒரே ஒரு கேள்வி கேட்பார்:

"ஆருக்குக் கசின் இருக்கு?"

அதுதான் நேர்முகப் பரீட்சை.

இந்தக் கேள்வியின் அருமையை எங்கள் ஆட்களில் முதலில் கண்டுபிடித்தவர் கமலாக்கா. நீர்வேலிக்காரி. கையை விட வாய் வேகமாக ஓடும். அவ ஒராளாக உள்ளே வந்தவ. நான் போய்ச் சேரும்போது சாப்பாட்டறையில் யன்னலோரத்து மேசை இத்தாலியரிடமும், சூடாக்கும் அடுப்புக்குப் பக்கத்து மேசை எங்களிடமும் இருந்தன. அடுப்பை நாங்கள் பிடித்துவிட்டதால் அவர்களுடைய சூப்பும் எங்கள் மீன்குழம்பு மணத்தோடுதான் சூடாகும். எங்கள் மேசையில் இருந்த அத்தனை பேரும் கமலாக்காவின் கசின்கள். நானும் கசின்தான். அவவின் புருசனும் என் அத்தானும் கொழும்பில் ஒரே லொட்ஜில் நின்றவர்கள். ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட உறவுகளை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கமலாக்காவிடம் விட்டதை எண்ணவே ஏலாது.

"பொய்தானே அக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எது பொய்? நீ எனக்கு ஆபத்துக்கு உதவமாட்டியோ? பிறகென்ன, கசின்தான். சும்மா மாவைப் பார்."

கதவோரத்தில் ஒரு வாங்கில் கிடந்தது. அது நாள் வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சியின் ஆட்களுக்கு. காலையில் ஒரு வான் கொண்டுவந்து இறக்கும், பின்னேரம் அள்ளிக்கொண்டு போகும். எங்களைப் போலத்தான் வேலை, ஆனால் இன்றைக்கு வந்தால் நாளைக்கு இல்லை. அந்த வாங்கிலில்தான் அவள் இருந்தாள். அகலமான முகம், குளிரில் சிவந்த கன்னம், ஒரு சின்ன டப்பாவில் கொழுப்போடு அவித்த ஆட்டிறைச்சி. பெயர் ஒயுனா.

"எடியே சீனத்தி, இஞ்ச வாவன்! தனிய இருந்து என்னத்தைக் கொறிக்கிறாய்?" என்று கமலாக்கா கூப்பிட்டா. அவவுக்கு ஆரும் தனிய இருந்து சாப்பிட்டால் பொறுக்காது.

ஒயுனா எழும்பி வந்தாள். வந்தவள் இருக்கவில்லை. மேசையில் விரலை ஊன்றி, "நோ சைனா" என்றாள். "மங்கோல்." முகம் கன்னத்தைவிடச் சிவந்திருந்தது.

"சரி, சரி, கோவியாதை. சொறி." கமலாக்கா என் பக்கம் திரும்பினா. "ஏன்டி பிள்ளை, என்னை ஆரும் சிங்களத்தி எண்டால் நான் விடுவனே? அப்பிடித்தான் உவளுக்கும்." பிறகு சொன்னா: "மங்கோல், மங்கோல் எண்டு கூப்பிட எனக்கு வாய் வருகுதில்லை. மங்கை எண்டு கூப்பிடுறன். நல்ல பேர்."

அன்றிலிருந்து அவள் மங்கை. வாங்கிலை விட்டு எங்கள் மேசைக்கு வந்தாள். எங்கள் மிளகாய்த்தூளுக்கு அழுதாள், அழுதழுது தின்றாள். "இஞ்ச வா", "போதும்", "கடவுளே" என்ற மூன்றையும் சரியான இடத்தில் சொல்லப் பழகினாள். றவியோலியைக் காட்டித் தங்கள் ஊரிலும் இறைச்சி வைத்து மாவை மடித்து ஆவியில் அவிப்பார்கள், அதைச் செய்ய வீடு நிறைய ஆட்கள் கூடுவார்கள் என்றாள். "ஒராளா இருந்து மடிச்சா அது பலகாரமில்லை, தண்டனை" என்றா கமலாக்கா.

அவளுக்கு ஒரு மகள். ஆறு வயது. மங்கோலியாவில், உலான்பத்தோர் நகரத்தில் தமக்கையோடு விட்டுவிட்டு வந்திருந்தாள். கையில் ஒரு நிரந்தர வேலை இருந்தால் இங்கே தங்குவதற்கான அவளுடைய வழக்குக்குப் பலம், பிள்ளையைக் கூப்பிடுவது சுலபம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். நிரந்தரம் என்ற அந்த ஒரு சொல்லை அவள் நாங்கள் 'முருகா' என்று சொல்கிறமாதிரிச் சொல்லுவாள். இந்த நகரத்தில் வேறு மங்கோலியர் இல்லையா என்று கேட்டேன். ஓர் ஆணைத் தெரியும், அவன் மொன்றியலுக்குப் போய்விட்டான் என்றாள். பிறகு தங்கள் பழமொழி ஒன்றைத் துண்டு துண்டாக இங்கிலீசில் தந்தாள்: ஒற்றை விறகு நெருப்பாகாது, ஒற்றை ஆள் குடும்பமாகாது.

"ஐயோ, உது எங்கடை தனிமரம் தோப்பாகாதெல்லோ!" என்று கமலாக்கா துள்ளினா. "எங்கடை பழமொழியை ஆரடி அங்கை கொண்டுபோனது?"

நான் பழமொழிப் பைத்தியம். ஆர் வாயில் நல்ல சொல் விழுந்தாலும் பொறுக்கி வைத்துக்கொள்வேன். ஆனால் இந்த இரண்டும் ஒன்றில்லை என்று எனக்கு இப்போதுதான் படுகிறது. தனிமரம் தோப்பாகாவிட்டாலும் மரமாகவாவது நிற்கும். ஒற்றை விறகு அணைந்தே போகும்.

பனி தொடங்கிய நேரம், இத்தாலிய மேசையில் ஒரு வயதான அம்மா வேலையிலிருந்து ஓய்ந்தா. நிரந்தர இடம் ஒன்று. ரொனி லைனுக்கு வந்து கையைத் தட்டினார்.

"ஆருக்குக் கசின் இருக்கு?"

கமலாக்காவிடம் உண்மையான கசின் அப்போது ஒன்று இருந்தது. புருசனின் தமக்கையின் மகள், வவுனியாவிலிருந்து வந்திறங்கி ஒரு மாதமும் ஆகாத பெட்டை. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். கமலாக்கா ஒரு நிமிடம் மாவையே பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு கையுறையோடு கையை உயர்த்தினா.

"எனக்கு இருக்கு. இந்தா நிக்கிறாள். மங்கை. ஷி மை கசின்."

லைன் முழுக்கச் சிரித்தது. ரொனியும் சிரித்தார்.

"கமலா! இந்தச் சைனாக்காரி உனக்குக் கசினா?"

"நோ சைனா" என்றாள் ஒயுனா.

"எப்படிக் கசின்? சொல்லு பார்ப்போம்."

கமலாக்கா தொடங்கினா. மாமியின்ரை மச்சாளின்ரை தம்பியின்ரை என்று தமிழும் இங்கிலீசுமாக அவ ஒரு வம்சத்தையே மெசினுக்கு மேலால் நெய்தா. நான் சேர்ந்த அன்று என்னைக் கசின் என்று சொன்னபோது இதில் பாதிகூடச் சொல்லவில்லை, ரொனி தலையாட்டினார். இப்போது அவர் கையைக் குறுக்கே காட்டி நிறுத்தினார். "கமலா, உன் முகத்தைப் பார். அவள் முகத்தைப் பார்."

றோசா இத்தாலிய மொழியில் ஏதோ சத்தமாகச் சொன்னார். ரொனியின் காது சிவந்தது. பிறகு றோசாவே எங்களுக்குச் சொன்னார்: "இவன் என் மருமகனுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. இவன் தாயும் என் தாயும் ஊரில் ஒரே கிணற்றில் தண்ணி அள்ளினவை. நான்தான் என் மருமகன் எண்டு சொல்லி உள்ளுக்குள் கொண்டுவந்தனான்."

ஆனால் ரொனி மேற்பார்வைக்காரர். "திங்கட்கிழமை உண்மையான கசினைக் கொண்டுவா. இல்லாட்டி நான் வேற ஆளைப் பார்க்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இப்போது நீங்களே சொல்லுங்கள். அவர்கள் சொன்னதும் பொய், நாங்கள் சொன்னதும் பொய். அவர்களுடைய பொய் அவர்கள் முகத்துக்குப் பொருந்தியது, எங்களுடையது எங்கள் முகத்துக்குப் பொருந்தியது. அவளுக்காகச் சொன்ன பொய்க்குப் பொருத்தமாக இன்னொரு முகம் இந்த ஊரில் இல்லை. இதுக்குப் பெயர் கல்ச்சராம். ரத்தமாம்! கப்பல் கப்பலாக வந்து தெருத் தெருவாக இருந்தவர்களையும், ஒவ்வொன்றாக வந்து வான் கதவால் இறங்கியவர்களையும் ஒரே கோட்டில் நிறுத்தி, ஓடு என்று சொல்லி, பிறகு ஆர் முந்தினது என்று அளக்கிறார்கள். இத்தாலியர் உழைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. றோசாவின் விரல்களைக் கண்டவள் அப்படிச் சொல்லமாட்டாள். ஆனால் ஒயுனாவும் அதே லைனில், அதே குளிரில், அதே வேகத்தில்தான் நின்றாள். உழைப்பை அளக்கிறவர்கள் கசினையும் அளக்க வேண்டாமா?

கமலாக்கா அந்தச் சனியும் ஞாயிறும் என் அக்காவுக்குப் போன் எடுத்து அழுதா. "ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம். நான் என்ன செய்ய? நான் கொண்டுபோகாட்டி அவங்கள் தங்கடை ஆளைப் போடுவாங்கள். மங்கைக்கும் இல்லை, எங்கடை பெட்டைக்கும் இல்லை."

திங்கட்கிழமை பெட்டை வந்தாள். நல்ல பெட்டை. விழுந்து விழுந்து வேலை செய்தாள். இன்றைக்கு மில்லிக்கனில் வீடு, மூத்தவள் மருத்துவம் படிக்கிறாள். அந்தத் தம்பியின் கைபேசியில் எங்கள் இனம் முன்னேறியதற்கு ஒரு சாட்சியாக அவளும் எங்கோ இருப்பாள். இருக்கட்டும். அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அன்று சாப்பாட்டு நேரத்தில் ஒயுனா கதவோர வாங்கிலில் போய் இருந்தாள்.

"மங்கை, இஞ்ச வா!"

அவள் எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். கோபம் இல்லை. "போதும்" என்றாள் தமிழில். எழும்பி வரவில்லை. கமலாக்காவின் தட்டில் சோறு அப்படியே கிடந்தது.

நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு ஒருநாள் வானிலிருந்து அவள் இறங்கவில்லை. சாரதியைக் கேட்டோம். அமெரிக்காவில் ஏதோ ஒரு நகரத்தில் நாலைந்து மங்கோலியக் குடும்பங்கள் இருக்கின்றனவாம், அங்கே போய்விட்டாள் என்றார். நகரத்தின் பெயர் அவருக்குத் தெரியவில்லை.

அந்தப் பக்ரறி இப்போது இல்லை. இடித்துவிட்டு, வீட்டில் வைக்க இடமில்லாத சாமான்களை வாடகைக்குப் பூட்டி வைக்கிற கட்டடம் ஒன்று கட்டியிருக்கிறார்கள். ஆருக்குக் கசின் இருக்கு என்று கேட்க ஒரு மனிதரும் இல்லை, வேலைக்கு விண்ணப்பித்தால் எல்லாம் கொம்பியூட்டர் கேட்கிறது. றோசா காலமானதை ஓர் இத்தாலிய வெதுப்பகத்தில் பாண் வாங்கும்போது அறிந்தேன். அவருடைய பேரப்பிள்ளைகள் எங்கெங்கே என்று காசு வாங்குகிற பெண்ணே சொன்னாள். கமலாக்காவின் முழங்கால் ஒப்பரேசன் எப்போது, ஆர் பார்த்த டொக்டர், என்ன சொன்னார் என்பதைக் கோயில் வீதியில் நான் கேளாமலே நாலு பேர் சொல்வார்கள்.

ஒயுனாவின் மகளுக்கு இப்போது முப்பதைத் தாண்டியிருக்கும். அந்தப் பிள்ளை தாயிடம் வந்து சேர்ந்ததா என்று கேட்க, இவ்வளவு பெரிய ரொறொன்ரோவில் எனக்கு ஓர் ஆள் இல்லை.