பெரியம்மா கருக்கிய கொள்ளு

நகரிப் பக்கத்து ஊர்களெல்லாம் ஆந்திராவிலேயே இருப்பதா, மதராஸோடு சேர்வதா என்று பெரியவர்கள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலம். எங்கள் ஊரை மதராஸோடு சேர்க்கச் சொல்லி எங்கள் பெரியப்பா வாரத்துக்கு ஒரு மனு எழுதுவார். அந்த வருஷம் வேர்க்கடலை போடுவதற்காக மேட்டுக்கொல்லையைச் சமன் செய்தபோது, அவர் மண்வெட்டியில் ஒரு பானை தட்டுப்பட்டது. வாய் உடைந்த பானை. உள்ளே கரியாகிப்போன கொள்ளு. பக்கத்திலேயே, அரைத்து அரைத்து நடுவில் குழி விழுந்த ஒரு பெரிய கல்.

பெரியப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. “நம்மாளுங்க அந்தக் காலத்திலயே இங்க பயிர் வச்சிக்கினு இருந்திருக்காங்க. இத்த எழுதிப் போட்டா எவன் பேசுவான்?” என்றார். திருப்பதியில் காலேஜில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கும் ஒருவரைக் கெஞ்சிக் கூத்தாடி வரச் சொல்லியிருந்தார்.

அவர் வருவதற்கு முந்தின நாள் நான் ஒரு நல்ல காரியம் செய்தேன். காலேஜ் வாத்தியார் பார்க்கப்போகும் பானை அழுக்காக இருக்கலாமா? கரியையெல்லாம் குப்பையில் கொட்டிவிட்டு, தேங்காய்நார் போட்டுத் தேய்த்து, பளபளவென்று கவிழ்த்து வைத்தேன். எனக்கு எட்டு வயது.

முதலில் பார்த்தது பெரியம்மாதான். அவள் காளஹஸ்திப் பக்கத்துத் தெலுங்கு வீட்டுப் பெண். பதறினால் தெலுங்குதான் வரும். “ஐயய்யோ, எந்த பனி சேசாவே!”, என்ன காரியம் செய்துவிட்டாயடி என்று தலையில் கைவைத்துக்கொண்டாள். அதற்குமேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுப்பை மூட்டி, இரண்டு படி கொள்ளை வாணலியில் போட்டுக் கரியாகும்வரை கருக்கி, பானையில் மண்ணோடு கலந்து நிரப்பினாள்.

மறுநாள் வாத்தியார் ஒரு கொள்ளை எடுத்து நசுக்கினார். மூக்கருகே கொண்டுபோனார். கதவோரம் நின்ற பெரியம்மாவை நிமிர்ந்து பார்த்தார். அவள் குனிந்துகொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“நான்தான் பானையத் தேச்சிக் கய்விட்டேன்” என்றேன்.

பெரியப்பாவின் முகம் செத்துப்போயிற்று. வாத்தியாரோ சிரித்துவிட்டு, “கொல்லையக் காட்டுங்க” என்று எழுந்தார். அங்கே வெட்டிய பள்ளத்தின் ஓரத்தைப் பேனாக்கத்தியால் சுரண்டினார். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று மண்தரைகள். நடுத்தரையின் அடுப்புச் சாம்பலில் நான்கு கொள்ளு கிடைத்தது.

“வீடு விழ விழ அதே எடத்துல கட்டியிருக்காங்க. ஊர் ஊராப் போறவங்க இவ்வளவு கனமான கல்ல வச்சிருக்க மாட்டாங்க. வெதைச்சாங்க, அறுத்தாங்க, இங்கயே இருந்துட்டாங்க” என்றார்.

பெரியப்பா ஆசையோடு கேட்டார். “தமிழாளுங்கதான சார்?”

“என்ன துன்னாங்கன்னு இந்த மண்ணு சொல்லுது. என்ன பேசினாங்கன்னு சொல்லலையே.”

பின்னாலேயே வந்திருந்த பெரியம்மா வாத்தியார் எதிரில் முதன்முறையாக வாய் திறந்தாள். “உலவலு துன்னவங்கன்னா எங்காளுங்கதான்!” கொள்ளுக்குத் தெலுங்கில் அதுதான் பெயர். பெரியப்பாவே சிரித்துவிட்டார். ஆனாலும் அன்றைக்கே எல்லாவற்றையும் மனுவில் எழுதிப் போட்டார்.

பதில் வரவில்லை. திருத்தணி மதராஸ் பக்கம் போயிற்று. எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. பெரியப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. பெரியம்மா தட்டும் கையுமாக அவர் பின்னாலேயே நடந்தாள்.

என்னை அடியிலிருந்து காப்பாற்றத்தான் அவள் அன்று அடுப்படியில் புகையில் நின்றாள் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். பெரியப்பா ஜெயித்திருந்தால் எங்கள் ஊர் மதராஸுக்குப் போய், அவள் அம்மா வீடு வேறு ராஜ்யமாகியிருக்கும். அது தெரிந்தும் அவருக்காகத்தான் கருக்கினாள்.