பாலையூற்று வளைவில கட்டின பச்சைக் கொடி

கேளுங்கோ, இது ஒரு சொட்டும் பொய் கலக்காத கதை. சரி சரி, முறைக்காதேங்கோ. கொஞ்சம் இழுப்பன். டியூப்பை இழுத்தாலும் டியூப்தானே.

பாலையூற்று வளைவில சைக்கிளுக்கு ஒட்டுப் போடுற அபூதாஹிர் காக்காவைத்தான் சொல்லுறன். சுதந்திரம் வந்த வருசம் கடை போட்டவர். அப்ப அந்த வளைவில செத்தது ஒரே ஒருத்தர், மாட்டுவண்டியில நித்திரை கொண்டு விழுந்தவர். மாடு வீட்டை போய்ச் சொல்லித்தான் பெண்சாதிக்கே தெரியும். பிறகு லொறி வந்துது, அஞ்சு வருசத்துக்கு ஒரு சாவு. றோட்டுக்குத் தார் ஊத்தினாங்கள், இனிப் பயமில்லை எண்டு பாயாசம் காய்ச்சினம். பாத்தா வருசத்துக்கு ஒண்டு! எழுபத்தெட்டில ஜப்பான் வான் வந்து இறங்கிச்சுது, அந்த வருசமே மூண்டு. றோட்டு நல்லா வர வர ஆள் கூடச் சாகுது, என்ன கோதாரி இது?

காக்காட பெண்சாதி உம்மு குல்சும் தண்ணிக்கு அந்த றோட்டைத்தான் கடக்கோணும், நாளைக்கு நாலு தரம். அவ திரும்பி வரும்வரைக்கும் காக்காக்கு மூச்சு வராது. ஒரு எச்சரிக்கைப் பலகையாவது நடுங்கோ எண்டு கந்தோர் கந்தோரா ஏறி இறங்கினார். தேஞ்ச செருப்பை அடுக்கினா எங்கட கடலோரத்துச் சுவாமிமலை உயரம் வரும். பலகை வரேல்லை.

கடைசியில மனுசன், அவுலியாமார், அதுதான் மகான்மார், அடங்கின இடத்தில கட்டுற மாதிரி, மரத்தில ஒரு பச்சைக் கொடியும் உண்டியல் பேணியும் கட்டினார். வாயால ஒண்டும் சொல்லேல்லை. எங்கட டிரைவர்மார் உண்டியலைக் கண்டா விடுவாங்களோ? ஆர் அடங்கியிருக்கு எண்டு கேக்காமலே, சைவக்காரன், வேதக்காரன், முஸ்லிம் எல்லாரும் நிப்பாட்டி, இறங்கி, சதக்காசு போட்டுட்டுப் போனாங்கள். ரெண்டு வருசம் ஒரு கோழி கூடச் சாகேல்லை!

இப்ப நிப்பாட்ட நேரமில்லையாம். ஓட ஓடக் கொண்டக்டர் சதத்தை எறியுறான். காணிக்கை போட்டாச்சு, இனி ஒண்டும் நடக்காது எண்டு இன்னும் மிதிக்கிறாங்கள். போன வெள்ளி ஒரு வான் உம்மு குல்சுமை உரசிட்டுப் போச்சு. குடம் நசுங்கிச்சு, அவ தப்பினா. காக்கா கொடியைக் கழட்ட ஏணி வைச்சவர், கழட்டவும் ஏலாமல் விடவும் ஏலாமல் அதிலயே நிக்கிறார்.

"கழட்டத்தான் வேணும்," எண்டான் தேத்தண்ணிக் கடையில இதைக் கேட்டுக்கொண்டிருந்த அஸீம். "ஒருத்தரும் அடங்காத இடத்தில கொடியோ?"

பஸ் ஓட்டுற கிறிஸ்தோபர் எழும்பிட்டார். "தொட்டுப் பார் தம்பி! பத்துக்கு ரெண்டு பேராவது நிப்பாட்டுறம்."

"நீங்கள் எப்ப நிப்பாட்டினனீங்கள்? போன கிழமை உங்கட பஸ்ஸால வந்த சதம் என்ர நெத்தியைப் பிளந்தது!"

"அது கொண்டக்டர் எறிஞ்சது!"

"ஸ்டியரிங்கும் அவன்ட கையிலயோ?"

கதிரை விழுந்துது. ஆள் ஆளின்ர சேட்டுக் கொலரைப் பிடிச்சாச்சு. அடேய், விடுங்கோடா, பிளேன்ரீ கொட்டுது!