கையெழுத்து வாங்கியவர்

என் அண்ணன் ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை பார்த்தான். எங்களோடு இருந்த பாதைத் தகராறில், பக்கத்து வீட்டுக்காரர் தன் தம்பி மகளைக் கொண்டே, அவன் அவளைக் கெடுத்துவிட்டதாகப் புகார் கொடுக்கவைத்தார். ஜாமீன் கிடைக்கும்வரை அண்ணனுக்கு மூன்று மாதம் ஜெயில், வேலையும் போனது. இரண்டு வருஷம் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் அந்தப் பெண் அழுதபடி சொன்னாள்: "அவிய என்னைத் தொடவே இல்லய்யா. பெரியப்பாதான் அடிச்சுக் கையெழுத்து வாங்குனாரு."

அண்ணன் விடுதலையானான். அந்தப் பெரியப்பா நிதானமாக வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார். பொய்ப் புகாருக்குத் தண்டனையே கிடையாதா என்று எங்கள் வக்கீலிடம் சண்டை போட்டேன்.

"உண்டு. ஆனா கையெழுத்து அந்தப் பிள்ளையோடது. மொதல்ல மாட்டுறது அவதான்" என்றார்.

"உண்மையச் சொன்னவள உள்ள தள்ளவா? வேண்டாம்லே" என்று அண்ணன் என்னைத் தடுத்துவிட்டான்.

அவன் சொன்னது சரிதான். ஆனால் அடித்துப் பொய் சொல்லவைத்தவரைப் பிடிக்க, அடிவாங்கியவளை முதலில் மாட்டவைக்கிற சட்டத்தின் மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை.